வரத்துக்காலில் தொடங்குங்கள்: மாணவர்களும் ஊர்மக்களும் சேர்ந்து ஓர் ஊரணியை மீட்க முழுமையான வழிகாட்டி

எங்கள் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் முதன்முதலில் தூர்வாரிய ஊரணியில் அந்த வருஷம் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கவில்லை. ஐம்பது பிள்ளைகள் ஏழு நாள் உழைத்தார்கள். கை முழுக்கக் கொப்புளம். ஐப்பசியில் நல்ல மழை பெய்தது, பக்கத்துக் கண்மாய் முக்கால்வாசி நிறைந்தது, எங்கள் ஊரணி மட்டும் வெறும் சேறாகக் கிடந்தது. போய்ப் பார்த்துவிட்டுக் கரையில் நின்றுகொண்டிருந்தபோது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்தார். "தண்ணி வர்ற வழி அடைஞ்சு கெடக்கு. நீங்க பானையக் கழுவி வச்சுட்டு மழையப் பாத்துக்கிட்டு இருக்கீங்களே சார்" என்றார். கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஒரு தார்ச்சாலையின் ஓரத்தில் நிறுத்தினார். அங்கே சாலைக்கு அடியில் இருந்த குழாய்ப் பாலம் வாய் வரை மண்ணால் மூடியிருந்தது. நாங்கள் அந்தச் சாலையில் ஏழு நாளும் வேனில் போய் வந்திருக்கிறோம்.

அதற்குப் பிறகு நான் செய்த, செய்யக் கற்றுக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்து மானாவாரிப் பூமியை மனதில் வைத்து எழுதியது. ஒன்று முதல் மூன்று ஏக்கர் வரையுள்ள ஊரணி, குட்டை, சிறு கண்மாய்களுக்குப் பொருந்தும். நாற்பது ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள பெரிய கண்மாய்கள் நீர்வளத்துறையின் பொறுப்பில் இருப்பவை. அங்கே மடை (தண்ணீரைத் திறந்துவிடும் வாய்), கலிங்கு (நிறைந்த தண்ணீர் வழிந்து போகும் இடம்) எதைத் தொடுவதானாலும் பொறியாளர் வேண்டும், மாணவர்களை வைத்துச் செய்யும் வேலை இல்லை அது. சின்ன நீர்நிலைகள் ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம் கையில் இருக்கின்றன. அவற்றில்தான் நம்மால் முழுசாக ஒரு வேலையை முடித்துக்காட்ட முடியும்.

ஊரணியின் நாட்காட்டியும் கல்லூரியின் நாட்காட்டியும்

பல முகாம்கள் தோற்பது இங்கேதான். கல்லூரிக்கு வசதியான மாதம் டிசம்பர், ஜனவரி. அப்போது ஊரணியில் தண்ணீர் இருக்கும், அல்லது சேறு இருக்கும். ஊரணி காய்ந்து வேலைக்கு ஏற்றதாக இருப்பது பங்குனியில் இருந்து ஆடி வரை. அப்போது கல்லூரியில் தேர்வு, விடுமுறை, புதுச் சேர்க்கை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும், அதற்குமுன் மண் வேலை எல்லாம் முடிந்து, கரை இறுகியிருக்க வேண்டும்.

எனவே வேலையை ஒரு வாரத்தில் அடைக்கப் பார்க்காதீர்கள், வருஷம் முழுக்கப் பரப்பிவிடுங்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு மாணவர் இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் தர வேண்டும், வருஷத்துக்கு 120. ஏழு நாள் சிறப்பு முகாம் இதற்குத் தனி. அந்த 120 மணியை நாங்கள் இப்படிப் பிரிக்கிறோம்: ஜனவரி, பிப்ரவரியில் ஊரைக் கேட்பதும் வரத்துக்காலை, அதாவது ஊரணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலை, அளப்பதும், மார்ச், ஏப்ரலில் தாள் வேலை, மே கடைசியில் இருந்து ஜூலை வரை மண் வேலையும் முகாமும், செப்டம்பரில் பனங்கொட்டை புதைப்பது, மழை தொடங்கியதும் அளவெடுப்பது. முதல் வருஷ மாணவரும் இரண்டாம் வருஷ மாணவரும் எப்போதும் ஜோடியாகப் போக வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு ஜூனிலும் நீங்கள் 'அ'னாவில் இருந்து தொடங்குவீர்கள்.

முதல் மாதம் மண்வெட்டி வேண்டாம்

நோட்டுப் புத்தகத்தோடு போங்கள். ஊராட்சித் தலைவரையும் கிராம நிர்வாக அலுவலரையும் மரியாதைக்குப் பார்த்துவிட்டு, அப்புறம் உண்மையில் பார்க்க வேண்டியவர்களைத் தேடுங்கள். மடை திறந்து மூடிய நீர்ப்பாய்ச்சி குடும்பம் ஊரில் இருக்கும். அந்த வேலை நின்றுபோயிருந்தாலும் அந்த வீட்டில் ஒருவருக்கு எல்லாம் தெரியும். ஆடு மாடு மேய்ப்பவர்களுக்கு எந்த மேட்டில் இருந்து எந்தப் பள்ளத்துக்குத் தண்ணீர் ஓடும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். ஊரணியில் குடிதண்ணீர் எடுத்த பெண்களுக்கு எந்த வருஷம் தண்ணீர் உவர்த்தது, எந்தப் படித்துறை முதலில் காயும் என்பது நினைவிருக்கும். மீன் குத்தகை எடுத்தவரையும், சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவரையும் விட்டுவிடாதீர்கள். நீங்கள் செய்யப்போகும் வேலையால் கையில் காசு குறையப்போவது அவர்களுக்குத்தான். கடைசியில் கேட்டால் அவர்கள் எதிர்ப்பார்கள், முதலில் கேட்டால் பெரும்பாலும் வழி சொல்வார்கள்.

எல்லாத் தெருவுக்கும் போக வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன். எந்தத் தெருக்காரர் எந்தத் துறையில் இறங்கலாம் என்ற பழைய கட்டுப்பாடு பல ஊரணிகளில் இன்னும் வாய்விட்டுச் சொல்லப்படாமல் இருக்கிறது. ஊர் மந்தையில் கூட்டம் போட்டால் மந்தைக்கு வர முடிகிறவர்கள் மட்டும்தான் வருவார்கள். எங்கள் மாணவர்களில் சிலர் அந்தந்தத் தெருக்களில் இருந்து வருபவர்கள், அவர்களுக்கு இது புத்தகம் படித்துத் தெரிந்த விஷயம் இல்லை. முதல் கூட்டத்தைப் பள்ளிக்கூடத்தில் வையுங்கள், இரண்டாவதைக் காலனியில் வையுங்கள். ஊரணியை மீட்ட பிறகு யார் யார் பயன்படுத்துவார்கள் என்பதை முதலிலேயே எல்லோர் முன்னும் பேசி, "எல்லோரும்" என்று தீர்மானத்தில் எழுதி வாங்குங்கள். இதற்கு ஊர் சம்மதிக்கவில்லை என்றால் நான் அந்த ஊரில் வேலையைத் தொடங்க மாட்டேன்.

கேட்க வேண்டிய கேள்விகளில் மிகச் சிறந்தது இது: "கடைசியா எந்த வருஷம் கலிங்கு பாஞ்சுச்சு?" இதைக் கேட்டதும் பேச்சு தானாக வளரும். "எங்க மூத்தவ கல்யாணத்தப்போ" என்பார்கள். அதிலிருந்து வருஷத்தைக் கண்டுபிடிக்கலாம். அதற்கப்புறம் என்ன மாறியது என்று கேளுங்கள். சாலை போட்டார்கள், மனை பிரித்தார்கள், செங்கல் சூளை வந்தது, பக்கத்து ஊர்க்காரர் வாய்க்காலை மறித்தார் என்று ஏதோ ஒன்று வரும். உங்கள் ஊரணியின் நோய் என்ன என்பது அந்தப் பதிலில்தான் இருக்கும்.

மாணவர்கள் பேசுவதைக் குறைத்துக் கேட்பதைப் பழக வேண்டும் என்பதற்கு இராஜஸ்தானில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. தருண் பாரத் சங்கம் 1975-இல் ஜெய்ப்பூர்ப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து தொடங்கியது. 1985-இல் இராஜேந்திர சிங்கும் நண்பர்களும் ஆல்வார் மாவட்டத்துக்கு வந்தபோது கல்வியும் வைத்தியமும் தருவதுதான் அவர்கள் நோக்கம். கோபால்புரா கிராமத்துப் பெரியவர் ஒருவர், எங்களுக்கு முதலில் வேண்டியது தண்ணீர் என்று சொல்லி, ஜோஹட் எனும் பழைய மண் தடுப்புக் குளங்களைத் தோண்டச் சொன்னார். அந்தப் பேச்சைக் கேட்டு நடந்ததில்தான் பின்னால் அர்வாரி ஆறு மறுபடியும் ஓடியது.

வரத்துக்காலை நடந்து அளப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஒரு பருவத்தில் கனமாகப் பெய்யும் சில நாட்களில் மொத்தம் 100 மில்லிமீட்டர் விழுந்ததாக வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கர் ஊரணிக்குள் நேரே விழுவது சுமார் 4 லட்சம் லிட்டர்; அதாவது பத்து சென்டிமீட்டர் உயரம், ஒரு வாரம் வெயிலடித்தால் பாதி போய்விடும். அதே மழை இருபது ஏக்கர் நீர்ப்பிடிப்பில் விழுந்து, அதில் கால் பங்கு மட்டும் ஓடி வந்தால்கூட 20 லட்சம் லிட்டர், அரை மீட்டர் உயரம். ஊரணியை நிரப்புவது வரத்துக்கால்தான். அதை அடைத்துவிட்டு ஊரணியை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் பள்ளம்தான் மிஞ்சும்.

நடக்கும் முறை: ஊரணியில் இருந்து மேலே, தண்ணீர் வரும் திசையை நோக்கி நடங்கள். விவரம் தெரிந்த ஊர்க்காரர் ஒருவர் முன்னால் போக வேண்டும், மாணவர்கள் பின்னால். கிராம வரைபடத்தில் வாய்க்கால் கோடு இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஐம்பது அடிக்கும் வாய்க்காலின் அகலம், ஆழம், என்ன அடைத்திருக்கிறது என்று எழுதுங்கள். கைப்பேசியில் இடக்குறியோடு படம் எடுங்கள். வரைபடத்தில் இருக்கிறது, நிலத்தில் இல்லை என்றால் அந்த இடத்தில் நின்று முன்னால் போகிறவர் என்ன சொல்கிறார் என்பதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் மட்டம் பார்க்க வேண்டும். கண்ணுக்குச் சமமாகத் தெரியும் நிலம் ஏமாற்றும். இதற்குக் கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலே போதும். இருபது மீட்டர் நீளத்துக்கு விரல் பருமனில் தெளிவான பிளாஸ்டிக் குழாய் ஒன்று, ஆளுயரத்தில் இரண்டு சவுக்குக் கம்பு, அவற்றில் அடியில் இருந்து சென்டிமீட்டர் கோடு. குழாயில் தண்ணீர் நிரப்பும்போது ஒரு முனையை வாளியில் போட்டு மறுமுனையில் உறிஞ்சி மெதுவாக இறக்குங்கள். உள்ளே ஒரு காற்றுக்குமிழ் இருந்தாலும் அளவு தப்பாகும். குமிழ் இருந்தால் குழாயைத் தோளுக்கு மேல் தூக்கிச் சுண்டிவிட்டால் மேலேறிப் போய்விடும். தண்ணீரில் ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டால் கோடு நன்றாகத் தெரியும். முதல் கம்பு மேல்பக்கம், இரண்டாவது கீழ்பக்கம், இரண்டும் வாய்க்காலின் தரையில் நிற்க வேண்டும். இரு முனையிலும் தண்ணீர் ஆடி நின்றதும் ஒரே நேரத்தில் படியுங்கள். மேலே 92, கீழே 97 என்றால் கீழ்ப்பக்கம் ஐந்து சென்டிமீட்டர் தாழ்வு, தண்ணீர் ஓடும். கீழே 85 என்றால் அங்கே மேடு, தண்ணீர் நின்றுவிடும். இடம் மாறும்போது இரு முனையையும் கட்டைவிரலால் மூடிக்கொள்ளுங்கள்.

நாங்கள் முதன்முதலில் அளந்த வரத்துக்காலில் எல்லாப் புள்ளியும் சரிவாகவே வந்தது, அந்தச் சாலைப் பாலம் வரும் வரை. அங்கே தரை ஒரு முழம் உயர்ந்திருந்தது. சாலையைப் புதுப்பிக்கும்போது ஓரத்தில் கொட்டிய மண் ஒவ்வொரு மழைக்கும் சரிந்து குழாயின் வாயில் படிந்திருக்கிறது. இரண்டாம் வருஷ இயற்பியல் மாணவி ஒருத்தி அளவுகளைக் கட்டம் போட்ட தாளில் கோடாக வரைந்து டீக்கடைச் சுவரில் ஒட்டினாள். மேலே இருந்து இறங்கி வந்த கோடு பாலத்தில் மட்டும் கூன் விழுந்த மாதிரி எழும்பி நின்றது. அன்று சாயங்காலமே எட்டுப் பேர் மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள். பாலத்தின் வாயைத் திறக்க இரண்டு நாள்தான் ஆனது. அடுத்த மழையில் ஊரணிக்குத் தண்ணீர் வந்தது.

மாணவர்களால் ஓர் ஊருக்குக் கொடுக்க முடிந்த மிகப் பெரிய உதவி இந்த அளவெடுப்பும் வரைபடமும் என்பது என் உறுதியான கருத்து. மண் சுமக்க ஊரில் பலமான ஆட்கள் இருக்கிறார்கள். பொறுமையாக எழுபது இடத்தில் கம்பு நட்டு, எழுதி, கோடு போட நேரமுள்ளவர்கள் மாணவர்கள்தான். எங்கே கம்பு நட வேண்டும் என்று சொல்ல ஊர்க்காரர் வேண்டும். இந்த இரண்டும் சேரும்போது வேலை பிடித்துக்கொள்கிறது.

தாள் வேலை

சலிப்பான வேலைதான், ஆனால் இது இல்லாமல் மண்வெட்டியைத் தொடாதீர்கள்.

கிராம நிர்வாக அலுவலரிடம் ஊரணியின் புல எண், பரப்பு, வகைப்பாடு ஆகியவற்றை 'அ' பதிவேட்டில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். புல வரைபடத்தின் நகல் வாங்குங்கள். வரத்துக்கால் போகும் ஒவ்வொரு புல எண்ணுக்கும் இதையே செய்யுங்கள். பிறகு கிராம சபை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் நம் வேலைக்குப் பொருத்தமான நாள். வரத்துக்கால் படத்தை அன்றைக்குச் சுவரில் ஒட்டி, மாணவரும் ஊர்க்காரரும் சேர்ந்து விளக்கி, தீர்மானம் போட்டு நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டல் மண்ணை வெளியே எடுக்கத் தனி அனுமதி வேண்டும். விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் கண்மாய், குளங்களில் இலவசமாக வண்டல் எடுக்க வட்டாட்சியர் அனுமதி தருகிறார். அப்படி அனுமதி உள்ள நீர்நிலைகளின் பட்டியலில் உங்கள் ஊரணி இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி மனு கொடுங்கள். புறம்போக்கில் நிற்கும் மரங்கள் சீமைக்கருவேலமாகவே இருந்தாலும் அவை உங்களுடையவை இல்லை. ஊராட்சி ஏலம் விட்டுத்தான் வெட்ட வேண்டும். ஏலத்தில் கரிமூட்டம் போடுகிற உள்ளூர்க் குடும்பங்களுக்கே கிடைக்கும்படி பார்த்தால் அந்தச் சண்டையும் தீர்ந்துவிடும்.

செலவுக்கு, மக்கள் பங்கு போட்டால் மீதியை அரசு போடும் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. கையால் செய்யும் மண் வேலைக்கு ஊரில் நூறு நாள் வேலை என்று சொல்லும் திட்டத்தைப் பணித்தளப் பொறுப்பாளரிடம் கேளுங்கள்.

ஆக்கிரமிப்பு இருந்தால்? பெரும்பாலும் இருக்கும். நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது. ஆனால் யாருடைய வேலியையும் மாணவர்கள் பிடுங்கக்கூடாது, யாரோடும் வாய்ச்சண்டைக்குப் போகக்கூடாது. அளவோடு படத்தைக் கிராம சபையில் வையுங்கள், வருவாய்த் துறை அளந்து முடிவு செய்யட்டும். மாணவன் மூன்று வருஷத்தில் போய்விடுவான், அந்தப் பகை ஊருக்குள் இருக்கும். ஓர் இடத்தில் வரப்பை இரண்டடி தள்ளிப்போட்டிருந்தவர், படத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே அறுவடை முடிந்ததும் விட்டுக்கொடுத்தார். அவர் பெயர் படத்தில் எங்கேயும் இல்லை, புல எண் மட்டும்தான் இருந்தது. அது முக்கியம்.

எது கை வேலை, எது வண்டி வேலை

ஒரு ஏக்கரில் ஒரு அடி வண்டலை எடுத்தால் 43,560 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட், டிராக்டர் டிப்பருக்கு ஏறக்குறைய ஒரு லோடு. ஆக சுமார் 436 லோடு. எங்கள் பிள்ளைகள் ஒரு காலைப்பொழுதில் ஆளுக்கு அரை கன மீட்டர் மண் அள்ளினால் அதுவே பெரிது. ஐம்பது பேர் ஆறு நாள் என்றால் 150 கன மீட்டர், அதாவது 53 லோடு. இந்தக் கணக்கைப் போட்ட பிறகு நான் மாணவர்களை ஊரணிக்குள் இறக்கி மண் வெட்டச் சொல்வதை நிறுத்திவிட்டேன். ஊரணித் தூரை இயந்திரமும், வண்டல் வேண்டிய விவசாயிகளின் டிராக்டரும் எடுக்கட்டும். இயந்திரம் போக முடியாத இடங்கள் நமக்கு: வரத்துக்கால், பாலத்து வாய், படித்துறை, கலிங்கு, மடையைச் சுற்றிய செடி, பிளாஸ்டிக், கண்ணாடிச் சில்லு.

இயந்திரம் ஓடும்போது ஒரு ஊர்க்காரரும் இரண்டு மாணவரும் பக்கத்திலேயே நிற்க வேண்டும். மூன்று விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். முதலாவது, வண்டலுக்குக் கீழே இருக்கும் களிமண் அடுக்கைக் கிழிக்கக்கூடாது. மண்ணின் நிறம் மாறி மணல் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள், அந்த ஓட்டை வழியே தண்ணீர் முழுக்க இறங்கிவிடும். கடலோர ஊர்களில் அதிக ஆழம் போனால் உவர்நீர் ஊறி, குடிக்கிற ஊரணி கெட்டுவிடும். இரண்டாவது, கரையின் அடிவாரத்தை ஒட்டித் தோண்டக்கூடாது. மூன்றாவது, செங்குத்தான பள்ளம் எங்கேயும் விடக்கூடாது, ஓரத்தில் இருந்து நடுவுக்குச் சரிவாக இறங்க வேண்டும். தண்ணீர் நின்ற பிறகு அந்தப் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. குளிக்க இறங்கும் குழந்தைக்கு இடுப்பளவு என்று நினைத்த இடத்தில் திடீரென்று தரை இருக்காது. இதை ஒரு கடமையாகச் சொல்கிறேன், தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

கலிங்கின் உயரத்தைக் கூட்டி அதிகத் தண்ணீர் தேக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். கரை உடையும்.

சீமைக்கருவேலமும் நாட்டுக் கருவேலமும்

சீமைக்கருவேலத்தைத் தரைக்கு மேல் வெட்டினால் அடுத்த மழைக்கு ஒன்று பத்தாகக் கிளைக்கும். வேரோடு பிடுங்க வேண்டும். ஊரணிக்கு உள்ளே இதில் சிக்கல் இல்லை. கரை மேல் நிற்பதைப் பிடுங்கினால் வேர் இருந்த இடம் பொந்தாகிவிடும். அந்தப் பொந்தில் களிமண்ணைத் தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு இடிக்க வேண்டும், அதுவும் மழைக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே. நேரம் இல்லை என்றால் கரை மரத்தை அந்த வருஷம் விட்டுவிடுங்கள். விழுந்த விதைகள் பல வருஷம் முளைத்துக்கொண்டே இருக்கும். எனவே ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஈர மண்ணில் விரலால் பிடுங்கும் அளவில் இருக்கும்போதே கன்றுகளை எடுக்கும் ஒரு நாள் வேண்டும். இது பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஏற்ற வேலை.

நாட்டுக் கருவேலத்தைத் தவறி வெட்டிவிடாதீர்கள். அதன் பூ மஞ்சள் பந்து மாதிரி இருக்கும், காய் மணி கோத்த மாலை போல இடையிடையே ஒடுங்கியிருக்கும், முள் நீண்டு வெள்ளையாக இருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ பூனைவால் போல நீளம். கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேலத்தில்தான் கொக்கும் நாரையும் கூடு கட்டும். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள் அந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. உங்கள் ஊரணியில் கூடு இருந்தால் குஞ்சு பறக்கும் வரை அந்த மரத்துப் பக்கம் போகாதீர்கள்.

தண்ணீருக்குள் நெய்வேலிக் காட்டாமணக்கு இருந்தால் தண்டை வெட்டி அங்கேயே போடாதீர்கள், ஒவ்வொரு துண்டும் வேர்விடும். மேட்டில் குவித்துக் காயவிடுங்கள். ஆகாயத்தாமரை பெருகியிருந்தால் எங்கிருந்தோ சாக்கடை கலக்கிறது என்று அர்த்தம். அதை முதலில் கண்டுபிடித்து நிறுத்தாமல் செடியை அள்ளுவது வீண்.

முகாம் நாட்கள்

வேலை காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடியட்டும். பதினொரு மணி வெயிலில் பிள்ளைகளை நிறுத்துவது தப்பு. சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும், ஒடிந்து உள்ளே நின்றால் நாள்கணக்கில் வீங்கும். கனமான காலணியும் கையுறையும் இல்லாதவரை இறக்காதீர்கள், முகாமுக்கு முன்பே எல்லோருக்கும் டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். காய்ந்த குவியலைக் கையால் தூக்காமல் கம்பால் புரட்டுங்கள். விரியன் சுருண்டு கிடக்கும். பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், கடிபட்ட கால் கையை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். விஷமுறிவு மருந்து எந்த அரசு மருத்துவமனையில் இருக்கிறது என்பதை முதல் நாளே விசாரித்து எழுதி ஒட்டுங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இயந்திரத்தின் பக்கத்திலோ முள்ளிலோ வேலை கொடுக்கக்கூடாது.

சாப்பாடு ஊரில் சமைக்கட்டும். வெளியில் இருந்து பொட்டலம் வாங்காதீர்கள். எந்தத் தெருவில் எந்த நாள் என்று முறை வைத்து, எல்லா வீட்டு அரிசியும் ஒரே அண்டாவில் சேரும்படி செய்தோம். முதல் இரண்டு நாள் சிலர் தள்ளி உட்கார்ந்தார்கள். நான்காம் நாள் பந்தி ஒன்றாகிவிட்டது. மதியத்தில் மாணவர்கள் ஊர்க் கிணறுகளின் தண்ணீர் மட்டத்தைக் கயிறு விட்டு அளந்து எழுத வேண்டும். ஐந்து கிணறு போதும், ஆனால் ஒவ்வொரு மாதமும் அதே ஐந்து கிணறாக இருக்க வேண்டும்.

மரக்கன்று பற்றி

எங்கள் முதல் முகாமில் கரை மேல் முந்நூறு கன்று நட்டோம். தீபாவளிக்குள் ஆடு தின்றுவிட்டது. கரை ஆடுகளின் பாதை, அதைக் கேட்காமல் நட்டது எங்கள் பிழை. இப்போது பனை மட்டும்தான். ஆவணி, புரட்டாசியில் விழும் பழத்தின் கொட்டைகளைப் பிள்ளைகள் பொறுக்கி வர, கரையின் வெளிப்பக்க அடிவாரத்தில் பத்தடிக்கு ஒன்றாக ஓரடி ஆழத்தில் புதைக்கிறோம். தண்ணீர் ஊற்ற வேண்டாம், கூண்டு வேண்டாம். முதல் சில மாதம் மேலே ஒன்றும் தெரியாது, கீழே கிழங்கு இறங்கிக்கொண்டிருக்கும். பொங்கலுக்குக் கிழங்கு தோண்ட வருகிற சிறுவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வேறு மரம் வேண்டுமென்றால் பள்ளிக்கூடத்தில், கோயில் வாசலில், தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கும் இடத்தில் நடுங்கள்.

கணக்கும் நோட்டும்

ஊரணிக்கு ஒரு குழு வேண்டும்: ஒவ்வொரு தெருவில் இருந்தும் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண், கூட இரண்டு மாணவர், பள்ளி ஆசிரியர் ஒருவர். வசூலித்த காசு, செலவழித்த காசு இரண்டையும் ஊராட்சிச் சுவரில் மாதாமாதம் எழுதுங்கள். உத்திரமேரூரில் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு ஆள் எடுக்கும் விதியைச் சொல்கின்றன. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் மறுபடி வர முடியாது என்று அதில் இருக்கிறது. எங்கள் குழுவின் தீர்மானத்தில் இந்த விதியை அப்படியே எழுதிக்கொண்டோம். யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

மழைக்கு முன் மடைக்கல்லில் அடியில் இருந்து அரையடிக்கு ஒரு கோடு பெயின்ட்டால் போடுங்கள். பள்ளியில் மழைமானி வையுங்கள். மேலும் கீழும் ஒரே அகலமுள்ள பாத்திரமும் ஒரு அளவுகோலும் போதும். பெரிய கோடுபோட்ட நோட்டு ஒன்றில் தேதி, மழை, ஊரணி மட்டம், எழுதியவர் என்று நான்கு கட்டம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தினமும் எழுதுவார்கள், கல்லூரி மாணவர்கள் மாதம் ஒருமுறை வந்து சரிபார்ப்பார்கள். மாணவர்கள் படித்து முடித்துப் போகும்போது, அடுத்து வருகிறவர்களை ஊருக்குக் கூட்டிவந்து, வரத்துக்காலை ஒருமுறை முழுக்க நடத்திக் காட்டி, நோட்டைக் குழுவின் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கல்லூரிக்கு எடுத்துப் போகக்கூடாது, அது ஊரின் சொத்து. படம் எடுத்துக்கொள்ளலாம்.

சாலைப் பாலத்தின் வாயைத் திறந்த வருஷம் எங்கள் நோட்டில் கார்த்திகை மாதப் பக்கத்தில் ஒரு பிள்ளை கட்டத்துக்கு வெளியே பெரிய எழுத்தில் எழுதிவைத்திருக்கிறது: "காலை ஆறே கால். கலிங்கு பாய்ந்தது. முதலில் பார்த்தது ஆடு மேய்க்கும் தாத்தா. பிறகு நாங்கள் எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தோம்."